பக்கத்து சீட்டின் பிரேக்

என் அண்ணிக்குச் சோபாவில் உட்கார்ந்திருந்தாலும் வலது கால் சும்மா இருக்காது. டிவியில் யாராவது ரோட்டைக் கடந்தால் போதும், தரையில் ஓங்கி ஒரு மிதி. பஸ்ஸில் போனால் முன் சீட்டுக்காரரின் குதிகால் காலி. பதினாறு வருஷமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவருக்கு வந்த தொழில் வியாதி அது. கற்க வருகிறவர்கள் அவருக்கு வைத்த பேர் ‘பிரேக் அக்கா’. எனக்கு என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்காமல் இருப்பதே மரியாதை.

நான் அவருடைய நாத்தனார். டிரைவிங் ஸ்கூலில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பவள். விண்ணப்பப் பாரம் நிரப்புவது, போட்டோ ஒட்டுவது, நேரம் ஒதுக்குவது, நேரம் தப்பி வருகிறவர்களை வாங்கு வாங்கென்று வாங்குவது எல்லாம் என் வேலை. எட்டு வருஷமாக அந்த நாற்காலியில் இருக்கிறேன். மூன்று தடவை டெஸ்டுக்குப் போய் மூன்று தடவையும் கோட்டை விட்டவள். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துக்கொள்ளுங்கள், பின்னால் இடம் கிடைக்காது.

ஸ்கூலை ஆரம்பித்தது என் அண்ணன். சர்க்கரை கண்ணுக்கு ஏறி, எதிரே வருவது லாரியா சைக்கிளா என்று அவருக்குத் தெரியாமல் போனபோது, அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அந்தப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். முக்காடு போட்ட பொம்பளை என்னத்தைச் சொல்லிக்கொடுப்பாள் என்று நாலு பேர் கேட்டார்கள். அந்த நாலு பேர் வீட்டு மருமகள்களும் பிறகு எங்களிடம்தான் வந்து சேர்ந்தார்கள்.

எங்கள் வண்டியில் பிரேக் இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, பக்கத்தில் இருக்கிற அண்ணியின் காலடியில் ஒன்று. ஓட்டுகிறவர் தப்புப் பண்ணினால் அண்ணி மிதிப்பார். மிதித்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு என்று, வகுப்பு முடிந்ததும் ஒரு சின்ன நோட்டில் போட்டு வைப்பார். அடுத்தடுத்து மூன்று வகுப்பில் ஒரு கோடுகூட விழாதவரைத்தான் டெஸ்டுக்கு அனுப்புவார். எவ்வளவு கெஞ்சினாலும், யார் சிபாரிசோடு வந்தாலும் அந்த விஷயத்தில் மசிய மாட்டார். நாத்தனார் என்றுகூடப் பார்க்கவில்லை, என் பக்கங்களில் கோடு போட இடமில்லாமல் ஓரத்திலெல்லாம் போட்டிருக்கிறார். எட்டு வருஷத்தில் மூன்று முறைதான் தப்பித்தவறிக் கோடில்லாமல் தேறி டெஸ்டுக்குப் போனேன்.

எங்களிடம் கற்க ஒருவன் வந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். மெலிந்த ஆள், இருபத்தாறு வயது, ஒரு குடோனில் வேலை. எதற்காகக் கற்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன், எல்லோரிடமும் கேட்பதுதான். “பாப்பாவை பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றான். மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காதுக்குப் பின்னால் ஒரு கருவி வைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு மூன்று நாள் பேச்சுப் பயிற்சி, அதுவும் ஊரின் அந்தக் கோடியில். நாலாவது வகுப்புக்கு மேல் அவன் பக்கத்தில் ஒரு கோடு கிடையாது. மழைத்தண்ணீர் தேங்கிய இடம் வந்தால், நடந்து போகிறவர்கள் மேல் தெறிக்கக் கூடாதென்று தானாகவே வேகத்தைக் குறைப்பானாம். அதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அண்ணி வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார்.

அவன்தான் போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில் குடோன் லாரியை எடுத்துக்கொண்டு போய் மார்க்கெட் தெருவில் கூட்டத்துக்குள் ஓட்டினான். பதினொரு பேர் செத்தார்கள். அவனும் செத்தான். அதற்கு முன் ஒரு வீடியோ எடுத்து வைத்திருந்தான். நாங்கள் தினம் ஐந்து வேளை சொல்கிற அதே வார்த்தைகளைத்தான் அதில் அவனும் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து இரண்டு நாள், தொழுகையில் நிற்கும்போது எனக்கு வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிட்டது. கோபமா அருவருப்பா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பாவி, உனக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா என்று கத்த வேண்டும்போல இருந்தது.

போலீஸ் வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு போனது. நாலு மணி நேரம் அண்ணியிடம் அவன் என்ன பேசினான் என்று கேட்டார்கள். “கிளட்ச், கியர், கண்ணாடி பாரு, இதான் பேசினோம்” என்றார் அண்ணி. அதுதான் உண்மை. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றார்.

“இத்தனை நாள் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். எங்கேயாச்சும் ஒரு இடத்துல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்ல?”

“என்ன அண்ணி தெரிஞ்சிருக்கணும்? அவன் நெத்தியில எழுதி ஒட்டியிருந்தானா?”

“தெரியலடி” என்றார். அன்றிலிருந்து எதைக் கேட்டாலும் அந்த ஒரே பதில்தான்.

முப்பத்தொரு பேர் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் ஒன்பது பேர்தான் மிஞ்சினார்கள். வாசலில் இருந்த போர்டில் யாரோ சிவப்புப் பெயிண்டால் ‘அடுத்தவன் யாரு?’ என்று எழுதிவிட்டுப் போனார்கள். பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர், எட்டு வருஷமாக என்னிடம் பேனா வாங்கித் திருப்பிக் கொடுக்காதவர், ஒருநாள் வந்து நாலு பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “உங்க ஆளுங்க ஏம்மா இப்படிப் பண்றாங்க?” என்று கேட்டார். “ஏன் சார், நானா அவனைப் பெத்தேன்?” என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நல்ல மனிதர்தான். ஆனால் நான் அந்தக் கேள்விக்குப் பதில் தேடி எங்கே போவேன்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செத்தவர்களில் காய்கறிக் கடைக்காரர் ஒருவர், எங்கள் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுகிறவர். துக்கம் கேட்கப் போனோம். அவருடைய மனைவி அண்ணியை உள்ளே வரச் சொல்லவில்லை. “உங்ககிட்ட ஓட்டக் கத்துக்கிட்டவன்தானே?” என்று மட்டும் கேட்டார். வெளியே ஒரு கேள்வி, உள்ளே ஒரு கேள்வி. இரண்டுக்கும் நடுவில் அண்ணி செருப்பைக் கழற்றுவதா மாட்டுவதா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு எந்தப் பக்கம் வண்டியை எடுத்தாலும் மார்க்கெட் தெருப் பக்கம் மட்டும் போவதில்லை.

ஏழு மாதம் கழித்து, காலை பத்து மணிக்கு ஒரு அம்மா வந்து என் மேஜை முன்னால் நின்றார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கை இரண்டும் சலவைச் சோடாவில் வெந்து வெளுத்திருந்தது. ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற இடத்தில் வேலையாம். பாரத்தை நிரப்பிக் கொடுத்தார். வீட்டு முகவரியைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவனைப் பெற்றவர்.

“அட்மிஷன் முடிஞ்சிடுச்சும்மா” என்றேன். வெளியே ‘சேர்க்கை நடைபெறுகிறது’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தார், ஆனால் சொல்லிக்காட்டவில்லை.

“பாப்பாவை பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போகணும்” என்றார்.

உள்ளே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அண்ணி அப்படியே டம்ளரோடு வெளியே வந்தார். அதே வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை.

அந்த அம்மா நின்றபடியே சொன்னார். மருமகள் அன்றிலிருந்து படுத்த படுக்கை. பயிற்சி மையத்தின் வேன் இப்போது அவர்கள் வீட்டுக்கு வருவதில்லை, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் வேண்டாமென்றுவிட்டார்கள். வாடகைக்கார் கூப்பிட்டால் முகவரி பார்த்ததும் வர மறுக்கிறார்கள். பஸ்ஸில் போனபோது யாரோ அடையாளம் கண்டு சத்தம் போட, பாதியிலேயே இறக்கிவிட்டார்கள். பிள்ளைக்கு ஆறு வயது. பேச்சு வர வேண்டிய வயது இதுதான், இப்போது விட்டால் பிறகு வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மகனுடைய பழைய கார் வீட்டில் நிற்கிறது. போலீஸ் சோதித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

“நாளைக்கு காலையில ஆறரைக்கு வாங்க” என்றார் அண்ணி.

வீட்டில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. “இருக்கற ஒன்பது பேரும் ஓடிடுவாங்க. நமக்கு எதுக்கு அண்ணி இந்த வம்பு? ஊரே நம்மள ஒரு மாதிரி பார்க்குது, நீங்க போய் அவன் அம்மாவையே பக்கத்துல உட்கார வெச்சு ஊர்வலம் போங்க!” அண்ணன் கண்ணை மூடியபடி, “ஒருத்தனுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பா இல்லையான்னே இன்னும் முடிவாகல, அதுக்குள்ள அடுத்ததா?” என்றார்.

“சொல்லிக்கொடுக்காம இருந்தா மட்டும் என்ன தெரிஞ்சிடப்போகுது?” என்று அண்ணி கேட்டார். மறுநாள் ஆறரைக்கு வண்டியை எடுத்தார். ஒன்பது பேரில் நாலு பேர் நிஜமாகவே நின்றுவிட்டார்கள்.

புது நோட்டில் அந்த அம்மாவின் முதல் நாள் பக்கத்தில் இருபத்து மூன்று கோடு. ஸ்டீரிங்கை ஈரத்துணியைப் பிழிகிற மாதிரிப் பிடிப்பாராம். ஆனால் ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியதில்லை. பதினொன்றானது, நாலானது, மூன்றாவது மாதத்தில் கோடில்லாமல் அடுத்தடுத்து மூன்று வகுப்பு முடித்துவிட்டார். பிள்ளைக்கு அதற்குள் பாதிப் பயிற்சி விட்டுப் போயிருந்தது. சொன்ன நாலு வார்த்தையில் இரண்டை மறந்துவிட்டாள் என்றார்.

எங்கள் பக்கத்தில் டெஸ்டுக்கு ஒரு வண்டியில் இரண்டு பேர் போக வேண்டும். ஒருவர் ஓட்டும்போது கற்றுக்கொடுத்தவர் பக்கத்து சீட்டில் இருப்பார், மற்றவர் பின்னால் இன்ஸ்பெக்டரோடு உட்கார்ந்திருப்பார். அந்த அம்மாவோடு போக மிச்சமிருந்த ஐந்து பேரில் ஒருவரும் சம்மதிக்கவில்லை. அண்ணி என்னைப் பார்த்தார்.

“என்னைப் பார்க்காதீங்க. என் பக்கத்துல கோடு போடவே இடமில்ல.”

“ஃபெயிலானா பழகினதுதானே, வாடி” என்றார். அந்த ஒருமுறை அவர் தன் சட்டத்தைத் தானே மீறினார்.

இன்ஸ்பெக்டர் பெப்பர்மின்ட் மென்றுகொண்டே ஏறினார். பாரத்தில் பேரைப் படித்தார், மெல்லுவது ஒரு நொடி நின்றது, பிறகு தொடர்ந்தது. அந்த அம்மா மேட்டில் நிறுத்தி எடுத்தார், பின்பக்கமாக வளைத்து நிறுத்தினார், எல்லாம் சுத்தம். நான் பின்னாலிருந்து பார்த்து வயிறெரிந்தேன். பிறகு இன்ஸ்பெக்டர், “அடுத்த ரைட்டு” என்றார். அது மார்க்கெட் தெரு.

அண்ணி கதவுப் பிடியைப் பற்றியதை நான் பார்த்தேன். நடைபாதை ஓரமாகப் புதிதாக இரும்புத் தூண்கள் நட்டிருந்தார்கள். நல்ல கூட்டம். அந்த அம்மா வேகத்தைக் குறைத்தார், இருபதுகூட இருக்காது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெண், இரண்டு கையிலும் பை, நடைபாதையிலேயே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இறங்கவில்லை. இறங்குவதுபோல ஒரு காலை அசைத்தாரா என்பதுகூட நிச்சயமில்லை. “யா அல்லாஹ்!” என்று நான் கத்தினேன். வண்டி குலுங்கி நின்றது.

வீட்டில் டம்ளர் உருண்டாலும் நாங்கள் சொல்கிற சொல் அது. ஜன்னல் திறந்திருந்தது. அந்தத் தெருவில், மூன்று முக்காட்டுப் பெண்கள் இருக்கிற வண்டியிலிருந்து அந்தச் சொல் கேட்டதும், பை வைத்திருந்த பெண் இரண்டு பையையும் கீழே போட்டுவிட்டு ஓடினார். இன்னும் நாலைந்து பேர் ஓடினார்கள். தக்காளி உருண்டு வந்து எங்கள் டயரில் பட்டு நின்றது.

“யார் மிதிச்சது?” இன்ஸ்பெக்டர் கேட்டார்.

“நான்” என்றார் அண்ணி.

“எதுக்கு? அந்தப் பொண்ணு நடைபாதையிலதான் நின்னுச்சு. நான் பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்.”

“அவங்க மேல தப்பே இல்ல சார். என் கால் மிதிச்சிடுச்சு.”

“நீங்க மிதிச்சா அவங்க ஃபெயிலும்மா. ஆறு வாரம் கழிச்சுத்தான் அடுத்த தேதி.” குரலில் கோபமில்லை. பாரத்தில் எழுதினார்.

நான் கத்தியதால் மிதித்தாரா, அவர் மிதித்ததால் நான் கத்தினேனா? அப்போதே வாயைத் திறந்து, சார், கத்தினது நான்தான், என்னால்தான் பதறிட்டாங்க என்று சொல்லியிருக்கலாம். ஊர்ப்பட்ட வாய் எனக்கு, அந்த இடத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நடந்தது.

அடுத்து என் முறை. அதே தெருவில் திரும்பி வரச் சொன்னார். கிளட்சை முழுதும் மிதிக்காமல் போட்டதில் கியர் கரகரவென்றது. ஓரமாக நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர் என் கண்ணாடி இடித்துவிடும் என்று ஒரு துள்ளுத் துள்ளி நடைபாதையில் ஏறிக்கொண்டு என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒரு சாண் இடைவெளி இருந்திருக்கலாம். அண்ணியின் கால் அசையவில்லை. பழகிய சோபாவில் இருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, “நாலாவது தடவை. இனிமே ஒழுங்கா ஓட்டும்மா” என்று பாஸ் போட்டு, தற்காலிக லைசென்ஸ் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

அலுவலக வாசலில் மூன்று பேரும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றோம். எட்டு வருஷக் கனவு கையில் இருந்தது. அதை எங்கே ஒளிப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“பாஸாயிட்டீங்க. சந்தோஷம்” என்றார் அந்த அம்மா. நிஜமாகத்தான் சொன்னார்.

அண்ணி அந்த அம்மாவின் பக்கம் திரும்பினார். “இவ ஒரு ஆளை உரசாத குறையா போனா, என் கால் அசையல. நீங்க எறும்புகூட சாகாத மாதிரி போனீங்க, என் கால் மிதிச்சுது. ஏன்னு எனக்கே தெரியலம்மா. எதிர்ல ஒண்ணுமே இல்ல. உங்க கையில ஸ்டீரிங்கையும் அந்தத் தெருவையும் சேர்த்துப் பார்த்தேன், அவ்வளவுதான்.”

“அண்ணி, நான் கத்தினதாலதானே மிதிச்சீங்க?” என்று அவசரமாகக் கேட்டேன். ஆமாம் என்று சொல்லிவிடுங்களேன் என்றிருந்தது.

“நீ கத்தினியா? எனக்குக் கேக்கவே இல்லியே” என்றார். என்னைக் காப்பாற்றச் சொன்னாரா, நிஜமாகவே கேட்கவில்லையா, இன்றுவரை பிடிபடவில்லை.

அந்த அம்மா முக்காட்டின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “விடுங்க. உங்க இடத்துல நான் உட்கார்ந்திருந்தா நானும்தான் மிதிச்சிருப்பேன்” என்றார். “அவன் என் வயித்துல இருந்து வந்தவன். எனக்கே ஒண்ணும் தெரியல. ராத்திரி சோறு போட்டேன், இன்னும் கொஞ்சம் போடும்மான்னான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.” பிறகு மணியைப் பார்த்தார். “இன்னைக்கு மூணு மணிக்குப் பாப்பாவுக்கு முறை இருக்கு. பாஸாயிடுவேன், கூட்டிட்டுப் போயிடலாம்னு நேரம் வாங்கி வெச்சிருந்தேன். போன் போட்டு வேண்டாம்னு சொல்லிடறேன்.”

அண்ணி அவர் கையிலிருந்த போனை வாங்கி அவர் பையிலேயே போட்டார். வண்டிச் சாவியை அதே கையில் வைத்தார்.

“லைசென்ஸ் இருக்கறவங்க பக்கத்துல உட்கார்ந்தா, கத்துக்கறவங்க ஓட்டலாம்.”

“நீங்க வர்றீங்களா?” என்று அந்த அம்மா கேட்டார்.

“நான் பக்கத்துல உட்கார மாட்டேன். என் காலை என்னாலயே நம்ப முடியல” என்று சொல்லிவிட்டு, அண்ணி பின் கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தார். பதினாறு வருஷத்தில் அவர் அந்த வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. “ஏறுடி. உன்கிட்டதான் லைசென்ஸ் இருக்கே.”

மை காயாத சீட்டு. அதைப் பையில் செருகினேன். ஏறி உட்கார்ந்தேன். காலடியில் அந்த பிரேக் இருந்தது. எட்டு வருஷத்தில் அதன் பக்கத்தில் நான் கால் வைத்ததே இல்லை.

பிள்ளையை ஏற்றிக்கொண்டோம். அண்ணியின் மடியில் உட்கார்ந்து, காதுக்குப் பின்னால் கருவியோடு, எங்களை ஒவ்வொருவராக உற்றுப் பார்த்தது. பயிற்சி மையத்துக்குப் போக வேறு வழி இருந்தது, அரை மணி நேரம் சுற்று. அந்த அம்மா கண்ணாடியில் அண்ணியைப் பார்த்தார். மணி இரண்டே முக்கால். அண்ணி பிள்ளையைத் தன் பக்கமாக அணைத்துக்கொண்டார். வண்டி மார்க்கெட் தெருவுக்குள் திரும்பியது.

தூண்கள் வந்தன, கூட்டம் வந்தது. என் வலது கால் தானாக நகர்வதை நான் பார்த்தேன். சட்டென்று இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் மடக்கிப் போட்டு, இரண்டு கையாலும் முழங்காலை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அம்மா மேல் எனக்கிருந்த நம்பிக்கையா அது, என் மேல் எனக்கிருந்த பயமா? அப்போதும் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

அவர் ஓரக்கண்ணால் என் காலைப் பார்த்துவிட்டார்.

“கால் மரத்துப்போகும்மா, கீழ விடுங்க.”

“இருக்கட்டும்மா” என்றேன். “நீங்க ரோட்டைப் பாருங்க.”